இந்த மாரியில் முடித்த கேம்கள்: உங்கட கணக்கையும் எழுதுங்க

படுவான்கரையான்
வெள்ளி, இரவு 9.10

நான் வேலைக்குப் போகிற வழியில் ஒரு தாம்போதி இருக்கிறது. மாரியில் அதற்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் அன்றைக்கு வீட்டில்தான். இந்த முறை அப்படி நிறைய நாள் கிடைத்தது. மலிவு விற்பனையில் வாங்கிப் போட்டுத் தொடாமல் கிடந்தவற்றில் நான்கை முடித்துவிட்டேன். முடித்தேன் என்றால், கடைசியில் பெயர்கள் ஓடும்வரை. விடியும்வரை களரியடியில் இருக்காதவன் கூத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது என் கட்சி. ஆகவே பாதியில் விட்டவற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

முதலாவது ரிட்டர்ன் ஒஃப் தி ஓப்ரா டின். 2018இல் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒரு ஆள், இசை உட்பட ஏறக்குறைய முழுவதையும் தனியாகச் செய்தார். பழைய மெக்கின்டோஷ் திரை போலப் புள்ளி புள்ளியாகக் கறுப்பும் வெள்ளையும் மட்டும். காணாமல்போன கப்பல் ஒன்று 1807இல் உயிரோடு ஒருவரும் இல்லாமல் திரும்பி வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பனிக்காகக் காப்புறுதிக் கணக்கெடுக்கப் போகும் உத்தியோகத்தர். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், யாருக்கு என்ன நடந்தது என்று ஒரு புத்தகத்தை நிரப்ப வேண்டும். எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் செத்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நீங்கள் நடந்து திரியலாம்.

ஒவ்வொரு விடைக்கும் சரி பிழை சொல்லாது. மூன்று பேரின் கதை சரியாக வந்தால்தான் அந்த மூன்றையும் சேர்த்து அச்செழுத்தாக்கிப் பூட்டும். கண்ணை மூடிக்கொண்டு எம்சிகியூ தாளுக்குக் கீறிவிட்டு வருகிற என் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தால் நல்லது. ஒரு சீ.ஆர். கொப்பி முக்கால்வாசி நிரம்பியது. கீழ்த்தட்டில் மாலுமிகள் ஏணை மாதிரித் தொங்குகிற படுக்கைகளில் கிடக்கும் காட்சி ஒன்று உண்டு. அதை மூன்று தரம் கடந்து போனேன். நாலாவது தரம்தான் ஏணைகளில் இருந்த இலக்கங்கள் கண்ணில் பட்டன. பெயர்ப்பட்டியலிலும் அதே இலக்கங்கள்! அன்றிரவே ஆறு பேர் அகப்பட்டார்கள். இந்தியக் கடலோடிகளும் அந்த 60 பேருக்குள் இருக்கிறார்கள். ஒளிக்கவும் இல்லை, சொல்லித் தரவும் இல்லை, கண்ணுக்கு முன்னாலேயே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. இதைவிட நல்ல துப்பறியும் கேம் நான் விளையாடியதில்லை.

இரண்டாவது அவுட்டர் வைல்ட்ஸ், 2019. 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் தொடக்கத்துக்கு வந்துவிடும். வாள் இல்லை, லெவல் இல்லை, காசு இல்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்ததுக்கு நீங்கள் கொண்டுபோகிற ஒரே சாமான், தெரிந்துகொண்டதுதான். ஒரு கேட்கும் கருவி தருகிறார்கள். வேறு வேறு கோள்களில் தங்கிவிட்ட பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்கிறார்கள்: ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மவுத்ஓர்கன். தூரத்தில் நின்று கருவியைத் திருப்பினால் அதெல்லாம் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். சின்ன வயதில் மாமா என்னைப் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கொண்டுபோய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைக்கச் சொன்னார், பாடுமீன் கேட்க. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பாட்டு இந்தக் கேமில்தான் கேட்டது.

மூன்றாவது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பழைய அமெரிக்கக் கொள்ளைக்கூட்டம் ஒன்றின் கதை. கதாநாயகன் ஆர்தர் மோர்கன் இருமத் தொடங்கியதிலிருந்து ஆறாம் அத்தியாயம் முடியும்வரை கேம்களில் அதைப் போல ஒரு கதை இல்லை. சரி, அதோடு விட்டிருக்கலாம். அதன் பிறகு ஒரு நீண்ட பின்கதை. அவன் கூட்டாளி ஜோன் பண்ணையில் சாணி அள்ளுகிறான். சாணி அள்ள எனக்கு வீட்டிலேயே மாடு இருக்கிறது.

நாலாவது திஸ் வார் ஒஃப் மைன். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்டது. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தார்கள், நாடும் நகரமும் கற்பனை. 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது, ஒரு கேமை! யுத்தக் கேம்தான், ஆனால் உங்கள் கையில் படை இல்லை. இடிந்த வீடு ஒன்றில் ஒதுங்கிய மூன்று பேர்: பாவ்லே என்ற உதைபந்தாட்டக்காரன், புரூனோ என்ற சமையல்காரன், காத்தியா என்ற பத்திரிகைக்காரி. பகலில் வெளியே தலைகாட்டினால் சினைப்பர். ஆகவே பகலில் அடுப்புச் செய்வது, கட்டில் அடிப்பது, மழைத்தண்ணீர் பிடிப்பது. இரவில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு பொறுக்கப் போவது. யுத்தநிறுத்தம் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்த ஓர் இரவு, வயதுபோன புருஷனும் பெண்சாதியும் இருக்கிற வீட்டுக்குப் பாவ்லேயை அனுப்பினேன். கிழவன் பின்னாலேயே வந்து கெஞ்சினார், மனைவிக்குச் சுகமில்லை என்று. துவக்கு இல்லை, கத்தி இல்லை, தடுக்கவும் ஏலாது அவருக்கு. குளிர்பெட்டியில் கிடந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் பாவ்லே எழும்பவில்லை. தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சில நாள் கழித்து அங்கே திரும்பப் போனேன். இரண்டு பேரும் செத்துக் கிடந்தார்கள்.

இதையெல்லாம் அம்மம்மா எனக்குப் பின்னால் சாய்மனைக் கதிரையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டு பார்த்தார். உரல் சத்தம் நின்றது. "என்ன மனே, இந்த ஊரில அயல்சனம் ஒண்டும் இல்லையா? மூணு பேர் மட்டும் ஒரு வீட்டில இருந்தா மறுகா எப்பிடித் தப்புற?"

90ஆம் ஆண்டு அவர் இடம்பெயர்ந்த கதையைச் சொன்னால் அதில் ஆள் நிறைந்திருக்கும். ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பம், ஒரே பானையில் கஞ்சி, யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையை வேறு யாரோ ஒருத்தி தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தது. ஆகவே என் தீர்ப்பு: பசியைச் சரியாகச் சொன்ன கேம், சனத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டது. அயல் இல்லாத யுத்தம் எங்கேயும் இல்லை. பத்துக்கு எட்டு.

இனி உங்கட கணக்கு.


கல்லடி நண்டு
வெள்ளி, இரவு 9.32

சேர், ஆர்தர் இருமுறதை எல்லாம் பப்ளிக்கா எழுதுறீங்களே. நான் இன்னும் மூன்றாம் அத்தியாயம்.


படுவான்கரையான்
வெள்ளி, இரவு 9.35

தம்பி, 2018இல் வந்த கேம். ஓ.எல். எடுக்கப் போன பிள்ளை ஏ.எல். முடித்து வேலைக்கும் போயிருக்கும்.


கல்லடி நண்டு
வெள்ளி, இரவு 10.20

சரி, மன்னித்தேன். என் கணக்கு ஒன்றே ஒன்று: எல்டன் ரிங், வாளும் கேடயமுமாகச் சண்டை பிடிக்கிற கேம்.

அது வெளிவந்தது 2022 பெப்ரவரி 25. அந்த நேரம் இங்கே என்ன நிலவரம் என்று ஞாபகம் இருக்குந்தானே. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. நான் பொஸ் சண்டைக்கு, அதாவது பெரிய எதிரியோடு மோத, போகுமுன் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அட்டவணை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போகிற நாளும் உண்டு. எனக்கு மார்கிட் என்ற பொஸ்ஸைவிடப் பெரிய எதிரி அதுதான்.

மலேனியா என்ற பொஸ் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அவளுடைய வாள் உங்களில் பட்டால் அவளுக்கு உயிர் கூடும். கேடயத்தால் தடுத்தாலும் கூடும்! ஆகவே பொறுமையாகத் தடுத்துத் தடுத்து அடிக்கிற என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு அவள் வைத்த ஆப்பு அது. ஒதுங்கப் பழக வேண்டும், வேறு வழியில்லை. ஒருநாள் இரண்டாம் கட்டத்தில் அவளுக்கு இன்னும் இரண்டு அடிதான் மிச்சம். டக். இருட்டு. நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு அன்ரி யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று டோர்ச்சோடு ஓடி வந்தார். என்ன என்று கேட்டார். "ஒரு பொம்பிள அடிச்சிட்டாள் அன்ரி" என்றேன்.

அடுத்த மாதம் கடன்பட்டு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற யூபிஎஸ் வாங்கினேன். கேமை விட யூபிஎஸ் விலை கூட. டொலர் 200 ரூபாவிலிருந்து 350க்கு மேல் போன காலம், நினைத்துப் பாருங்கள். எட்டு மாதத்தில் முடித்தேன். 2024இல் அதன் தொடர்ச்சிப் பகுதி ஷடோ ஒஃப் தி எர்ட்ரீ வந்தபோது கரண்ட் ஒழுங்காக இருந்தது, ஒரு மாதத்தில் முடிந்தது. உண்மையைச் சொன்னால் முதலாவதுதான் ருசி.


ஏறாவூர் மச்சான்
வெள்ளி, இரவு 10.41

நண்டு, "ஒரு பொம்பிள அடிச்சிட்டாள்" என்று இருட்டில் சொன்னால் அன்ரி உம்மட வீட்டுக்குச் சொல்லாமலா விட்டிருப்பா?


கல்லடி நண்டு
வெள்ளி, இரவு 10.43

சொன்னா. அது வேற கதை.


சம்மாந்துறை வட்டை
சனி, காலை 6.15

சேருடைய "முடிக்காதவன் கதைக்கக்கூடாது" சட்டத்தை நான் ஏற்கவில்லை. நான் விளையாடுகிற கேமுக்கு முடிவே இல்லை. ஸ்டார்டியூ வெலி. எரிக் பரோன் என்ற ஒருத்தர் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்து செய்து 2016இல் விட்டார். நான் போனில்தான் விளையாடுகிறேன், வயலுக்குப் போய் வாடியில் இருக்கிற நேரத்தில். 1.6 பதிப்பு போனுக்கு 2024 நவம்பரில்தான் வந்தது, கொம்பியூட்டர்காரருக்குப் பிறகு எட்டு மாதம் காத்திருந்தேன்.

வயல்காரன் வீட்டுப் பிள்ளைக்கு விவசாயக் கேம் எதற்கு என்று உம்மா கேட்பா. நல்ல கேள்விதான். நான் தொடங்கினது 2021இல், இரசாயன உரத்தைத் தடை செய்த போகம். வாப்பா வரம்பில் நின்று மஞ்சளாகிப் போன பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் வாடிக்குள் படுத்துக்கொண்டு மரப்பிசின் இரண்டைச் சேர்த்து உரம் செய்கிறேன். இரண்டு பிசின், ஒரு தட்டு, உரம் ரெடி. சிரிப்பும் வந்தது, வாப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

அதில் ஒரு பருவம் 28 நாள். பருவம் மாறினால் அடுத்த பருவத்துக்கு ஒத்துவராத பயிர் எல்லாம் ஒரே இரவில் காய்ந்து போகும். அது சரி, ஏற்கலாம். நெல்லும் உண்டு, பின்னால் சேர்த்தார்கள். வசந்தத்தில் நட்டால் 8 நாளில் அறுக்கலாம், தண்ணீர்க் கரையில் நட்டால் இன்னும் கெதி. எட்டு நாள்! எங்கட மூன்றரை மாத நெல்லுக்குக் கேட்டால் கோபம் வரும். காகம் வரும், வெருளி கட்டினால் போய்விடும். யானை வராது. வயல் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானை வராது, தண்ணீர் முறைக்குச் சண்டை வராது.

ஆனால் உண்மையான கற்பனை இதெல்லாம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. விளைந்ததை அதற்குள் போட்டுவிட்டுப் படுத்தால், விடிய எழும்பும்போது காசு வந்திருக்கும். ஒரே விலை. ஊர் முழுக்க அறுவடை என்றாலும் அதே விலை, மழையில் நனைந்தாலும் அதே விலை. ஈரம் கூட என்று ஒருவரும் கழிக்க மாட்டார்கள். தராசு இல்லை. அறுவடை நேரம் பார்த்து விலையை இறக்குகிற ஆள் இல்லை. மந்திரவாதி, சுரங்கத்துப் பேய் எல்லாம் நான் நம்புகிறேன், அந்தப் பெட்டியைத்தான் நம்ப முடியவில்லை.

ஒருநாள் வாப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டி எங்க விக்குது?" என்றார்.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் செத்துப்போன பாட்டனார் ஆவியாக வந்து நீங்கள் காணியைப் பார்த்த விதத்துக்குப் புள்ளி போடுவார், நாலு மெழுகுதிரி வரை. எனக்கு மூன்று. அதை முடிவு என்று எடுத்தால் எடுங்கள் சேர்.


படுவான்கரையான்
சனி, காலை 8.02

தம்பி, அந்தப் பெட்டிக்கு நான் சட்டத்தைத் தளர்த்துகிறேன். வாப்பாவுக்கு சலாம் சொல்லுங்கள்.


திருக்கோவில் கடல்
சனி, பிற்பகல் 2.30

நானும் எழுதலாமா? நான் ஒலுவிலில் படிக்கிறேன், விடுதியில் லப்டொப் ஒன்று, அதுவும் கிழடு. பெரிய கேம் எதுவும் ஓடாது. ஆகவே சின்னக் கேம்களின் ஆள் நான். இந்தத் தவணை விடுமுறையில் வெண்பா என்ற கேமை முடித்தேன்.

2023 ஜூலையில் வந்தது, டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குப் போன ஒரு குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, மை கரைந்து கிடக்கும். விடுபட்ட இடத்தை நாங்கள் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டுவரை போகும் என்பதுதான் புதிர். அடுத்தது புட்டு. குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் போட்டு அவிப்பது. இதை ஒரு வெளிநாட்டுக்காரன் யோசித்து யோசித்துச் செய்வான் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. காலையில் தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலை அது எங்களுக்கு.

புதிர் எனக்கு லேசு, அதைக் குறை என்று சொல்வேன். ஆனால் கவின் வளர்ந்து அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் போடுகிற இடம். என் பெரியம்மா ஸ்காபரோவில் இருக்கிறா. அவவின் மகன் வீடியோ கோலில் வந்தால் "ஹாய் சித்தி" என்பான், அதற்குப் பிறகு பெரியம்மாதான் அவனுக்கும் சேர்த்துக் கதைப்பா. "அவன் சாப்பிட்டான், அவனுக்குச் சோதனை, அவன் உங்களை விசாரிச்சான்." அவன் பக்கத்தில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பான். கேமில் அதேதான்.

2024இல் இது பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்பு விருதும், சுயாதீனக் கேம் விழாவின் பெரிய பரிசும் எடுத்தது. தமிழ்ப் பெயர் உள்ள ஒரு கேம்.


ஏறாவூர் மச்சான்
சனி, மாலை 4.05

தங்கச்சி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியுமாமே? 15 டொலர். 4,500 ரூபா அளவில் வருகுது. அந்தக் காசுக்கு மூன்று பேருக்குப் பிரியாணி.


திருக்கோவில் கடல்
சனி, மாலை 4.40

நான் கழிவில் வாங்கினேன் நானா. மறுகா, நேரத்தைப் பார்த்து விலை போடுவதென்றால் படுவான்கரை அண்ணன் சாணி அள்ளின நேரத்துக்கும் அவர் காசு கொடுத்துத்தான் இருக்கிறார்.


படுவான்கரையான்
சனி, மாலை 4.44

இதற்கு என்னிடம் பதில் இல்லை.


ஏறாவூர் மச்சான்
சனி, இரவு 8.30

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கு: பிளாக் மித் வூகொங். 2024 ஓகஸ்ட் 20இல் வந்தது, சீனாவின் கேம் சயன்ஸ். மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதி. 130 ஜிபி இடம் கேட்கும். என் வீட்டு இணையத்தில் அதை இறக்கின கதை தனி இழைக்குரியது, இரவு டேட்டாவில் மட்டும் இறக்கி எட்டாம் நாள் காலை முடிந்தது.

சண்டை அருமை. பொஸ் எண்ணிக்கை நிறைய நிறைய. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சுவர்! முன்னால் பாதை போகுது, மரம் தெரியுது, நடந்தால் காற்றில் முட்டி நிற்கிறீர்கள். எங்கே போகலாம் எங்கே ஏலாது என்று ஒரு அடையாளமும் இல்லை. இவ்வளவு செலவழித்துக் காடு செய்தவர்கள் ஒரு வேலி அடித்திருக்கலாம்.

ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். மஞ்சள் மணல் வெளி. ஒரு பாறையில் தலையில்லாத ஒருவன் மூன்று நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்து உச்சக் குரலில் பாடுகிறான். வட சீனத்தின் ஒரு பக்கத்து நாட்டார் கதைப்பாட்டாம். தொண்டையைக் கீறிக்கொண்டு வருகிற குரல். ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர்கள் ஊர்ப் பாட்டுக்காரனைக் கொண்டுவந்து அப்படியே நட்டுவிட்டார்கள், விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை.

எங்கட பக்கத்துக் கூத்திலும் வடமோடி இருக்கு, தென்மோடி இருக்கு. மத்தளம், சல்லாரி, காலில் சதங்கை, பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடுகிற வரவு ஆட்டம். ஒரு பொஸ் வரும்போது அப்படி ஒரு வரவு வைத்தால் எப்படி இருக்கும்? யாராவது செய்யுங்களேன். நான் வாங்குவேன், கழிவு கேட்க மாட்டேன்.


கல்லடி நண்டு
சனி, இரவு 8.51

வடமோடியில் வரவு ஆடி முடியவே அரை மணித்தியாலம். அதற்குள் நான் பொஸ்ஸை அடித்து முடித்துவிடுவேன்.


படுவான்கரையான்
சனி, இரவு 9.15

அடிக்க விடமாட்டார்கள் தம்பி. வரவு முடியும்வரை நீர் ஒதுங்கி நிற்க வேண்டும். அதுதான் முறை.


திருக்கோவில் கடல்
ஞாயிறு, காலை 10.10

அண்ணன், ஒரு விசயம். நேற்றே எழுத நினைத்தேன், நீங்கள் பெரியவர் என்று யோசித்தேன்.

திஸ் வார் ஒஃப் மைன் பழைய கேம் என்றபடியால் என் லப்டொப்பிலும் ஓடும். இரண்டு தரம் முடித்திருக்கிறேன். அயல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கே! பகலில் கதவைத் தட்டும் சத்தம் வருமே. ஒருமுறை இரண்டு பிள்ளைகள் வந்து அம்மாவுக்கு வருத்தம், மருந்து இருக்கா என்று கேட்கும். ஒருமுறை பக்கத்தில் இருக்கிற ஒருவர் வந்து, வீட்டுக்குப் பலகை அடிக்க ஒரு ஆள் வேணும், உதவிக்கு அனுப்புவீர்களா என்று கேட்பார். அனுப்பினால் உங்கட ஆள் உடனே வரமாட்டார், அந்த நேரம் வீட்டில் ஒருவர் குறைவு. சும்மா பொருள் கேட்டு வருகிறவர்களும் உண்டு. உதவி செய்தால் வீட்டில் இருக்கிறவர்களின் மனம் கொஞ்சம் தேறும். எனக்கு ஒருமுறை ஒரு அயலவர் மரக்கறி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார், நான் கேட்கவே இல்லை.

உங்களுக்கு ஒருத்தரும் தட்டவே இல்லையா?


கல்லடி நண்டு
ஞாயிறு, காலை 10.25

சேர் மாட்டிக்கிட்டார்.


படுவான்கரையான்
ஞாயிறு, இரவு 7.50

தட்டினார்கள் தங்கச்சி.

காலையிலேயே வாசித்தேன். பதில் எழுத இப்போதுதான் வந்தேன்.

பிள்ளைகள் வந்தது ஞாபகம் இருக்கிறது. என்னிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது, புரூனோவுக்குக் காய்ச்சல். இல்லை என்று அனுப்பினேன். பலகை அடிக்கக் கூப்பிட்டவரும் வந்தார். ஆளை அனுப்பினால் இரவில் பொறுக்கப் போக ஆளில்லை, வீட்டைக் காக்க ஆளில்லை என்று கணக்குப் போட்டேன். இல்லை என்றேன். பிறகு தட்டிய சத்தம் வந்தாலே வாசலுக்கு ஆளை அனுப்பாமல் வேலையைப் பார்த்தேன். கணக்குப்படி நான் செய்தது சரி, மூன்று பேரும் யுத்தநிறுத்தம் வரை இருந்தார்கள். அதோடு கேமில் அயல் இல்லை என்று இங்கே வந்து தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

முடித்தவன்தான் கதைக்கலாம் என்று சட்டம் வேறு போட்டேன். முடித்தும் அரைவாசியைப் பார்க்கவில்லை.

இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். "கதவத் திறக்காம அயல் இல்லயெண்டா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உரலை எடுத்தார்.

பத்துக்கு எட்டு என்றதைத் திரும்ப எடுக்கிறேன். எவ்வளவு என்று இப்போது சொல்லவில்லை. முதலிலிருந்து தொடங்குகிறேன்.


சம்மாந்துறை வட்டை
ஞாயிறு, இரவு 8.20

சேர், ஒன்று சொல்லட்டா. கேமும் கொஞ்சம் பொறுப்பு எடுக்க வேணும். 2004 கடல் வந்த அன்றைக்கு எங்கட வீட்டுக்குக் கரையிலிருந்து ஓடி வந்த சனத்துக்கு உம்மா சோறு போட்டா. நான் சின்னப் பிள்ளை, எத்தனை பேர் என்று தெரியாது, பானை திரும்பத் திரும்ப அடுப்பில் ஏறினது மட்டும் ஞாபகம். எத்தனை கொத்து அரிசி மிச்சம் என்று அன்றைக்கு ஒருவரும் எண்ணவில்லை. கேமில் மேலே ஒரு மூலையில் எண்ணிக்கை தெரிந்தால் ஆள் எண்ணத்தான் செய்வான். எண்ணத் தொடங்கினால் கை இறுகும்.


திருக்கோவில் கடல்
ஞாயிறு, இரவு 8.47

அதுவும் சரிதான் நானா. ஆனால் எண்ணிக்கை தெரிந்துகொண்டே மருந்தை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு இருந்த பயம், எண்ணாமல் கொடுத்திருந்தால் வந்திருக்காது. எனக்கு அந்தப் பயத்தோடு கொடுத்ததுதான் பிடித்தது. (அந்தப் பிள்ளைகளின் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன், அண்ணன் இப்போது விளையாடுகிறார்.)

அப்புறம், நான் பாதியில் விட்டதையும் ஒப்புக்கொள்கிறேன்: எல்டன் ரிங். மச்சாளின் கொம்பியூட்டரில் தொடங்கி, மார்கிட்டிடம் முப்பது தரம் செத்து, அழித்துவிட்டேன். முடிக்கவில்லை, ஆனாலும் கருத்து இருக்கு. அது ஒரு மனிதத்தன்மை இல்லாத கேம்.


கல்லடி நண்டு
ஞாயிறு, இரவு 8.49

முப்பதுதானா? எனக்கு 57. எண்ணினேன், மேலே மூலையில் எண்ணிக்கை இல்லாமலே.


ஏறாவூர் மச்சான்
திங்கள், மாலை 6.12

சேர், என்ன நிலவரம்? தட்டினாங்களா?


படுவான்கரையான்
செவ்வாய், இரவு 9.40

தட்டினார்கள். பலகைக்காரர்தான் முதலில் வந்தார். பாவ்லேயை அனுப்பினேன். கெதியாக ஓடுகிறவன் அவன்தான், இரவில் பொறுக்கப் போக எனக்கு இருக்கிற நல்ல ஆளும் அவன்தான்.

அன்றிரவு புரூனோ படுத்துவிட்டான், காத்தியா காவலுக்கு. பொறுக்கப் போக ஒருவரையும் அனுப்பவில்லை. விடிந்து பார்த்தால் கள்ளர் வந்து போயிருக்கிறார்கள்: இரண்டு தகரச் சாப்பாடு, இருந்த பண்டேஜ், விறகு பாதி. காத்தியாவுக்குக் காயம். போன முறை இந்த நாளில் என்னிடம் நான்கு நாள் சாப்பாடு இருந்தது. சேமிக்காமல் வெளியே போய்த் திரும்பத் தொடங்கலாமா என்று கை ஒருமுறை போனது, பின்னால் உரல் சத்தம் நின்றபடியால் விட்டுவிட்டேன்.

"அந்த ஓடுறவன் வந்திட்டானா?"

"இன்னும் இல்ல அம்மம்மா."

"கதவச் சாத்தாம வை. இருட்டில வந்து தட்டிக்கிட்டு நிக்கப் போறான்."

கேமில் கதவைத் திறந்து வைக்க வழியில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எழும்பி வந்து திரைக்குக் கிட்ட நின்று பார்க்கிறார். திரையில் பகல் 11 மணி, காத்தியா கட்டிலில், புரூனோ அடுப்படியில் வெறும் தண்ணீரோடு நிற்கிறான். வெளியே மழை. லைட் இப்போது ஒருமுறை மின்னிவிட்டு வந்தது.


கல்லடி நண்டு
செவ்வாய், இரவு 9.43

சேர், உடனே ஒரு யூபிஎஸ் எடுங்க.